கொள்கலன் பில்லுக்குள்ளும் சூழல் இருக்கிறது

ஒஸ்லோவில் தமிழ்க் கடை வைத்திருக்கும் அண்ணை ஒருவர் ஒருநாள் இரவு வட்சப்பில் மூன்று படங்கள் அனுப்பினார். மூன்றும் பில்கள். பின்னாலேயே குரல் செய்தியும் வந்தது. "தம்பி, நீ ஐடிக்காரன்தானே, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லு. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

விசயம் இதுதான். துருவின தேங்காய்ப்பூ, மரவள்ளி, மீன், பரோட்டா என்று குளிரூட்டிய கொள்கலன் ஒன்றை இன்னும் இரண்டு கடைக்காரரோடு சேர்ந்து இறக்கியிருந்தார். சாமான் எல்லாம் விற்று முடிந்து, வெறும் பெட்டியைத் திருப்பிக் கொடுத்து ஐந்து மாதம் கழித்து ஒரு பில் வருகிறது. பெட்டி இலக்கம் சரி. "11 நாள்" என்று போட்டிருக்கிறது. எந்த 11 நாள்? இலவசமாக எத்தனை நாள் தந்தார்கள்? பெட்டி எடுக்கலாம் என்று எப்போது சொன்னார்கள்? எதுவும் இல்லை. இரண்டாவது பில் இன்னொரு இடத்திலிருந்து, அதே பெட்டிக்கு, வேறு கணக்கோடு. மூன்றாவது, முதலாவதைக் கட்டவில்லை என்ற நினைவூட்டல்.

நான் வேலை செய்வதே பில்லிங் மென்பொருளில். ஒரு அமைப்பில் பிழை நடந்தால் முதலில் பதிவேட்டைத் திறந்து நேரத்தைத்தான் பார்ப்போம். நேரம் எழுதாத பதிவை வைத்து ஒரு பிழையையும் கண்டுபிடிக்க ஏலாது. அண்ணையின் பில்லும் அப்படியான ஒன்றுதான். "விளக்கம் கேட்டு எழுதுவோம் அண்ணை" என்றேன். "சண்டை பிடிச்சா அடுத்த பெட்டியை ஆர் எடுத்துத் தாறது?" என்றார். கட்டிவிட்டார்.

அந்தக் காசு கடைசியில் தேங்காய்ப்பூப் பக்கெற்றின் விலையில் ஏறியிருக்கும். நீங்களும் நானும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியிருப்போம். எனக்கு அதைவிட உறுத்தியது வேறு. அந்த 11 நாளும் பெட்டி எங்கேயோ மின்சாரத்தை இழுத்துக்கொண்டு நின்றிருக்கிறது. ஏன் நின்றது என்று காசு கட்டிய மனிதருக்கே தெரியாது. அப்படியென்றால் அடுத்த பெட்டியும் நிற்கும்.

அமெரிக்காவில் போட்ட விதி

இந்தப் பில்களுக்கு ஏதாவது விதிமுறை இருக்கிறதா என்று தேடும்போதுதான் அமெரிக்காவில் நடந்த கதை கண்ணில் பட்டது. அதைச் சொல்லுமுன் இரண்டு சொல்லை விளங்கிக்கொள்ள வேண்டும். இறக்கிய பெட்டியைக் குறித்த நாளுக்குள் எடுக்காமல் துறைமுகத்துக்குள் விட்டால் அறவிடுவது டெமரேஜ். எடுத்துப்போன பெட்டியைக் குறித்த நாளுக்குள் திருப்பிக் கொடுக்காவிட்டால் அறவிடுவது டிடென்ஷன். எங்கள் பத்திரிகைகள் இரண்டையும் சேர்த்துத் தாமதக் கட்டணம் என்று எழுதும். நானும் அப்படியே சொல்கிறேன்.

கொரோனா காலத்தில் அமெரிக்கத் துறைமுகங்களில் பெட்டிகள் மலைபோலக் குவிந்தன. கப்பல்கள் இறக்க இடமில்லாமல் கடலில் நின்றன. 2020 முதல் 2022 வரை ஒன்பது பெரிய கப்பல் நிறுவனங்கள் மட்டும் போட்ட தாமதக் கட்டணம் ஏறத்தாழ 890 கோடி டொலர் என்றும், அதில் 690 கோடி அளவில் வசூலானது என்றும் அந்த நாட்டின் கூட்டாட்சிக் கடல்சார் ஆணையம் கணக்குச் சொன்னது. துறைமுக வாசல் பூட்டிக் கிடந்த நாளுக்கும் பில் வந்தது, பெட்டியைத் திருப்பி எடுக்க இடமில்லை என்று அவர்களே சொன்ன நாளுக்கும் பில் வந்தது என்று சிறு இறக்குமதியாளரும் லொறிக்காரரும் முறையிட்டார்கள்.

2022 ஜூன் 16ஆம் திகதி ஜனாதிபதி பைடன் கடல்வழிச் சரக்குச் சீர்திருத்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன்படி ஆணையம் 2022 ஒக்ரோபரில் ஒரு வரைவு விதியை வெளியிட்டு, 2024 பெப்ரவரியில் இறுதியாக்கி, மே 28 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்த விதி கட்டணத்தின் அளவைத் தொடவில்லை. பில் எப்படி இருக்கவேண்டும் என்றுதான் சொன்னது. இலவச நாட்கள் எத்தனை, அவை தொடங்கிய நாள், முடிந்த நாள், பெட்டி எடுக்கத் தயாரான நாள், கட்டணம் விழுந்த நாட்கள், என்ன வீதம், யாரிடம் முறையிடுவது எல்லாம் பில்லில் இருக்கவேண்டும். கட்டணம் நின்று 30 நாளுக்குள் பில் போகவேண்டும். பெற்றவர் ஆட்சேபிக்கக் குறைந்தது 30 நாள் கொடுக்கவேண்டும். வேண்டிய விவரம் இல்லாத பில்லைக் கட்டவேண்டிய கடமை இல்லை. அண்ணையின் மூன்று படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூடத் தேறாது.

அதைப் படித்துக்கொண்டு போகும்போது இந்த வரைவு விதிக்குச் சூழல் பரிசீலனையும் செய்திருக்கிறார்கள் என்று கண்டேன். 1970 முதல் நடைமுறையில் இருக்கும் தேசிய சூழல் கொள்கைச் சட்டத்தின்படி, அமெரிக்க மத்திய அரசு அமைப்புகள் தாங்கள் எடுக்கும் முடிவு சூழலை எப்படிப் பாதிக்கும் என்று பார்த்தாகவேண்டும். பார்த்தார்கள். குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை என்று முடித்தார்கள்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பில்லில் திகதி போடுவதற்கும் காற்றுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் அடுத்த நாள் வேலைக்குப் போகும் வழியில் அது மாறிப்போய்த் தோன்றியது. இதே ஆணையம் 2020 மே மாதத்தில் ஒரு வழிகாட்டல் விதி வெளியிட்டிருந்தது. தாமதக் கட்டணம் சரக்கை விரைவாக நகர்த்தத் தூண்டவேண்டும், அந்த வேலையைச் செய்யாத கட்டணம் நியாயமான கட்டணமா என்பது கேள்வி என்பதே அதன் சாரம். கட்டணத்தின் வேலை பெட்டியை நகர்த்துவது என்றால், பில்லைத் திருத்தினால் பெட்டி நிற்கும் நாளும் மாறவேண்டும். பெட்டி நிற்கும் நாள் மாறினால் புகையும் மாறும். ஒரு கையால் "இது பெட்டியை நகர்த்தும் கருவி" என்று எழுதி, மறு கையால் "இதனால் சூழலில் ஒன்றும் மாறாது" என்று எழுதினால், இரண்டில் ஒன்றைத் திரும்பப் பார்க்கவேண்டும்.

அந்த ஆணையம் ஏதோ பெரிய தவறு செய்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. சட்டம் கேட்டது குறிப்பிடத்தக்க பாதிப்பு உண்டா என்று. ஒரு புதிய துறைமுகத்தையோ எண்ணெய்க் குழாயையோ பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பில் விதி பாதிப்பில்லாததுதான். நான் சொல்ல வருவது, பில் வெறும் கடதாசி, அதில் சூழலுக்கு என்ன வேலை என்று நாங்களும் சேர்ந்து நினைத்துக்கொண்டிருப்பது பிழை என்பதை.

நிற்கும் பெட்டி சும்மா நிற்பதில்லை

அண்ணையின் பெட்டியையே எடுப்போம். குளிரூட்டிய கொள்கலன் துறைமுகத்தில் நிற்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் மின்சாரம் வேண்டும். ஒஸ்லோவில் நின்றால் பரவாயில்லை, நோர்வேயின் மின்சாரத்தில் பெரும்பகுதி நீர்மின். அதே பெட்டி கொழும்பில் 11 நாள் நின்றால், அதற்கு வரும் மின்சாரத்தில் ஒரு பங்கு நுரைச்சோலையின் 900 மெகாவற் நிலக்கரி ஆலையில் இருந்து வருகிறது. ஒரே பெட்டி, ஒரே 11 நாள், ஆனால் புகை வேறு. பில்லில் இரண்டும் ஒரே வரிதான்.

இனி லொறி. பெட்டி தயார் என்று நம்பி லொறிக்காரர் வருகிறார். தயாரில்லை. திரும்பிப் போகிறார், பிறகு இன்னொரு நாள் வருகிறார். வெறும் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனால் "இங்கே இடமில்லை, அந்த முற்றத்துக்குக் கொண்டுபோ" என்கிறார்கள். ஒவ்வொரு வெட்டி ஓட்டமும் டீசல்.

அடுத்தது கப்பல். 2022 ஜனவரி தொடக்கத்தில் லொஸ் ஏஞ்சலிஸ், லோங் பீச் துறைமுகங்களுக்காக 109 கொள்கலன் கப்பல்கள் வரிசையில் காத்திருந்தன. உள்ளே பெட்டி நகராததால் வெளியே கப்பல் நகரவில்லை. நங்கூரம் போட்டாலும் கப்பலின் துணை இயந்திரங்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். 2021 பிற்பகுதியில் அந்த நெரிசலால் கூடிய நுண்துகள் மாசு, ஏறத்தாழ 100,000 பெரிய டீசல் லொறிகளைப் புதிதாகத் தெருவில் இறக்கியதற்குச் சமம் என்று கலிபோர்னியாவின் காற்று வள வாரியம் மதிப்பிட்டது. அந்தக் காற்றைச் சுவாசித்தது துறைமுகத்தை ஒட்டி வாடகை வீடுகளில் இருக்கும் உழைக்கும் குடும்பங்கள்.

எங்கள் பக்கக் கதைகளும் இருக்கின்றன. 2017 முதல் 2019 வரை பிரித்தானியாவில் இருந்து இலங்கைக்கு வந்த 263 கொள்கலன்களில் பழைய மெத்தை, விரிப்பு என்ற பெயரில் மருத்துவக் கழிவு வரை இருந்தது. அவற்றில் பல கொழும்புத் துறைமுகத்திலேயே கேட்பாரற்றுக் கிடந்தன. திருப்பி அனுப்பத் தொடங்கியது 2020 செப்டம்பரில், கடைசித் தொகுதி போனது 2022 பெப்ரவரியில்.

சென்னைக் கதை இன்னும் பயங்கரம். 2015இல் சுங்கத்துறை பிடித்த 740 தொன் அமோனியம் நைட்ரேட், 37 கொள்கலன்களில் மணலிப் பக்கத்துக் கொள்கலன் முற்றத்தில் ஐந்து வருடம் கிடந்தது. அந்த வருடத்து வெள்ளத்தில் ஒரு பகுதி சேதமானது. 2020 ஓகஸ்டு 4ஆம் திகதி பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 தொன் வெடித்து நகரமே சிதைந்த பிறகுதான், மணலியில் கிடந்ததை அவசரமாக ஐதராபாத்துக்கு ஏற்றினார்கள்.

இவை தாமதக் கட்டணத்தால் வந்த வினை அல்ல, வழக்கும் சட்டவிரோத இறக்குமதியும் கலந்தவை. ஆனால் ஒன்று பொது. பெட்டி நின்றது. ஏன் நிற்கிறது, யார் பொறுப்பு, நாள் எத்தனை ஆச்சு என்ற கேள்விக்கு ஒரு இடத்தில் ஒரு தெளிவான பதில் இல்லை. எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் 2021இல் கொழும்புக்கு வெளியே எரிந்து மூழ்கியபோது கரையெல்லாம் பிளாஸ்ரிக் மணிகள் ஒதுங்கியதைப் பார்த்தோம். அப்படிக் கண்ணில் படுவதைத்தான் சூழல் பிரச்சினை என்கிறோம். முற்றத்தில் சத்தமில்லாமல் நிற்கும் பெட்டி கண்ணில் படுவதில்லை.

பொம் காசு சொல்லித் தரும் பாடம்

ஒரு பில் எப்படிப் புகையைக் குறைக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் கலிபோர்னியா வரை போகத் தேவையில்லை. ஒஸ்லோவில் கார் ஓடும் எவருக்கும் பொம் காசு தெரியும். 1990இல் அது தொடங்கியது வீதிகள் அமைக்கப் பணம் சேர்க்க. 2017 ஒக்ரோபரில் அதை மாற்றினார்கள். காலை ஆறரை முதல் ஒன்பது வரையும், மாலை மூன்று முதல் ஐந்து வரையும் போனால் கூடக் காசு. டீசல் கார் என்றால் இன்னும் கூட. அன்றுவரை வசூல் கருவியாக இருந்தது சூழல் கருவியும் ஆனது.

எங்கள் வீட்டிலேயே அதன் விளைவைப் பார்த்தேன். மாமா தினமும் காலை எட்டு மணிக்கு வாசலைக் கடந்தவர், பில்லை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு ஆறு மணிக்கே வெளிக்கிடத் தொடங்கினார். பிறகு, "இந்தக் காசுக்கு ரீ-பானேயில போகலாம்" என்று கார்டு எடுத்தார். ஏன் முடிந்தது? எந்த வாசல், எந்த நாள், எத்தனை மணி, எவ்வளவு என்று கடந்த ஒவ்வொரு தடவையையும் அவரால் பார்க்க முடிந்தது. அதே காசை ஐந்து மாதம் கழித்து, "11 தடவை" என்று மட்டும் போட்டு அனுப்பியிருந்தால் மாமா திட்டிக்கொண்டு கட்டியிருப்பார். அடுத்த நாளும் எட்டு மணிக்குத்தான் போயிருப்பார்.

வாசிக்கக்கூடிய கட்டணம் பழக்கத்தை மாற்றும். வாசிக்க முடியாத கட்டணம் பணத்தை மட்டும் எடுக்கும்.

இன்னொரு சாட்சி அதே லொஸ் ஏஞ்சலிஸில் இருக்கிறது. 2021 ஒக்ரோபர் கடைசியில் இரண்டு துறைமுகங்களும் ஒரு அறிவிப்பு விட்டன. லொறியில் போகவேண்டிய பெட்டி 9 நாளுக்கு மேல் கிடந்தால் கப்பல் நிறுவனம் 100 டொலர் கட்டவேண்டும், ஒவ்வொரு நாளும் அது இன்னும் 100 கூடிக்கொண்டே போகும். எத்தனை நாள், எவ்வளவு, யார் கட்டுவது எல்லாம் வெளிப்படை. அந்தக் கட்டணத்தை அமுலாக்கும் நாளைத் திரும்பத் திரும்பத் தள்ளிவைத்தார்கள். ஒரு சதம்கூட அறவிடாமலே 2023 ஜனவரியில் திட்டத்தை முடித்தார்கள். அதற்குள் நாட்பட்டுக் கிடந்த பெட்டிகள் 92 வீதம் குறைந்திருந்தன. இறக்குமதி தணிந்ததும் அதற்கு ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனாலும் யாரால் பெட்டியை நகர்த்த முடியுமோ அவரை நோக்கித் தெளிவாகச் சொன்ன கட்டணம், வசூலிக்காமலே வேலை செய்தது. யார் தலையிலாவது விழட்டும் என்று போட்ட கட்டணம் கோடிக்கணக்கில் வசூலித்தும் பெட்டிகள் குவிந்துதான் கிடந்தன.

மறுபக்கமும் பார்ப்போம்

கப்பல் நிறுவனங்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. துறைமுகம் இலவசக் களஞ்சியம் இல்லை. சில பெரிய வியாபாரிகள் தங்கள் களஞ்சியம் நிரம்பியிருந்தால் பெட்டியை வேண்டுமென்றே துறைமுகத்தில் விட்டுவைப்பார்கள். கட்டணத்தைத் தளர்த்தினால் பெட்டிகள் இன்னும் கூட நாள் நிற்கும், அது சூழலுக்கும் கெடுதல்தானே?

சரியான கேள்வி. சூழல் பரிசீலனை என்று ஒன்று செய்தால் அதில் பேசவேண்டியது இதைத்தான். கட்டணம் குறைந்தால் நிற்கும் நாள் கூடுமா? பில் தெளிவானால் நிற்கும் நாள் குறையுமா? இரண்டையும் தட்டில் வைத்துப் பார்த்திருக்கலாம்.

என் பதில் இது. பெட்டியை நகர்த்தக்கூடியவர்மேல் விழும் கட்டணம் அப்படியே இருக்கட்டும், தேவையென்றால் கூடட்டும். நகர்த்த முடியாதவர்மேல் விழும் கட்டணத்தால் சூழலுக்கு ஒரு நன்மையும் இல்லை. சுங்கம் விடாத பெட்டிக்கு, வாசல் பூட்டிய நாளுக்கு, கடைக்கார அண்ணையிடம் எவ்வளவு வாங்கினாலும் பெட்டி ஒரு அடி நகராது. மாறாக, அந்தத் தாமதத்தால் ஒருவருக்கு வருமானம் வருகிறது என்றால், தாமதத்தைத் திருத்த அவருக்கு ஏன் அவசரம்?

அமெரிக்க விதியும் முழு வெற்றி இல்லை. யாருக்குப் பில் அனுப்பலாம் என்று சொன்ன பகுதியை எதிர்த்துக் கப்பல் நிறுவனங்களின் சங்கம் வழக்குப் போட்டது. 2025 செப்டம்பரில் வொஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பகுதியைத் தள்ளிவிட்டது. ஒப்பந்தம் உள்ளவர்களுக்குத்தான் பில் என்று ஒரு பக்கம் சொல்லிவிட்டு, ஒப்பந்தம் உள்ள லொறி நிறுவனங்களை விலக்கியது முரண் என்பது தீர்ப்பு. பில்லில் என்ன இருக்கவேண்டும், எத்தனை நாளுக்குள் வரவேண்டும் என்ற பகுதிகள் நிற்கின்றன. என் பார்வையில் சூழலுக்கு உதவுவதும் அந்தப் பகுதிகள்தான்.

இங்கே நாங்கள் என்ன கேட்கலாம்

நோர்வே சூழல் விசயத்தில் பின்தங்கிய நாடு இல்லை. ஒஸ்லோத் துறைமுகம் 2030க்குள் வெளியேற்றத்தை 85 வீதம் குறைக்கும் திட்டத்தை 2018இலேயே போட்டது. யாரா பிர்க்கலாண்ட் என்ற மின்சாரக் கொள்கலன் கப்பல் 2022 முதல் ஹெரொயாவுக்கும் பிரேவிக்குக்கும் இடையில் ஓடுகிறது. ஒரு பொறியியலாளனாக எனக்கு அதில் பெருமைதான். ஆனால் மின்சாரக் கப்பலும் கரை மின்சாரமும் படம் எடுத்துப் போடக்கூடிய விசயங்கள். பில்லில் ஒரு திகதி சேர்ப்பதைப் படம் எடுக்க முடியாது. அதனால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆனால் பேசுவதற்கு இந்த நாட்டில் வழி இருக்கிறது. 2016 முதல் நடைமுறையில் இருக்கும் ஆய்வு அறிவுறுத்தல் ஒன்றின்படி, மத்திய அரசு அமைப்புகள் எந்த விதி கொண்டுவந்தாலும் ஆறு கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும். பிரச்சினை என்ன என்று தொடங்கும் அந்த வரிசையில் நாலாவது கேள்வி எனக்குப் பிடித்தது. நன்மை தீமைகள் என்ன, எவ்வளவு காலம் நிற்கும், யாரைப் பாதிக்கும்? இதில் சூழல் வேறு, காசு வேறு, மனிதர் வேறு என்ற பிரிப்பு இல்லை. அமெரிக்கப் பரிசீலனை தனிப் பெட்டியில் போட்டு மூடியதை, இந்தக் கேள்வி ஒன்றாக மேசையில் வைக்கிறது.

முக்கியமான விதிகளுக்கு முன்னால் ஹோரிங் என்ற பொதுக் கருத்துக் கேட்பும் நடக்கும். வழக்கமாக மூன்று மாதம், குறைந்தது ஆறு வாரம். யாரும் எழுதலாம். குடியுரிமை தேவையில்லை, வழக்கறிஞர் தேவையில்லை. பெரிய நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் தவறாமல் எழுதுகின்றன. தமிழ்க் கடைக்காரர் ஒருவராவது எழுதியதை நான் கண்டதில்லை.

எங்கள் முதல் தலைமுறை கேள்வி கேட்காமல் கட்டியதற்குக் காரணம் இருக்கிறது. மொழி தெரியாது. கடிதத்தில் முத்திரை இருந்தால் பயம். மீன் தொழிற்சாலையிலும் துப்புரவு வேலையிலும் நின்று, பிறகு கடன்பட்டு ஒரு கடை போட்டவர்கள். "பிரச்சினை வேண்டாம், கட்டிவிடுவம்" என்பது அவர்கள் பிழைத்த வழி. அதைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் இங்கே பிறந்து படித்த பிள்ளைகள் இன்று சட்டம் படித்திருக்கிறார்கள், அமைச்சுகளிலும் நகரசபையிலும் தளவாட நிறுவனங்களிலும் வேலை செய்கிறார்கள். காலநிலைக்காகத் தெருவில் பதாகை பிடித்தவர்களும் அவர்களில் உண்டு. அவர்களிடம் நான் கேட்பது, உங்கள் அப்பாவின் கடைப் பில்லை ஒருக்கா எடுத்துப் பாருங்கள். உங்கள் பதாகையில் எழுதியது அதற்குள்ளும் இருக்கிறது.

இது கடைக்காரர் பிரச்சினை மட்டும் என்று நினைக்கவும் வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு உலகம் முழுவதிலும் இருந்து அனுப்பிய நிவாரணக் கொள்கலன்கள் பல கொழும்பில் தேங்கிக் கிடந்தது எங்கள் பெரியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். டொலர் இல்லாமல் இலங்கை தவித்த 2022 தொடக்கத்தில், ஆயிரத்துக்கும் அதிகமான உணவுக் கொள்கலன்கள் அதே துறைமுகத்தில் நின்றன. பசித்தவன் வெளியே, அரிசி உள்ளே, கட்டணம் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டு. நிற்கும் பெட்டிக்குள் இருப்பது கெட்டால் அதை விளைவித்த தண்ணீரும் உரமும் உழைப்பும் சேர்ந்துதான் குப்பைக்குப் போகும்.

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. மூன்றே மூன்று. முதலாவது, நோர்வேயோ ஐரோப்பாவோ இலங்கையோ இந்தியாவோ, கொள்கலன் தாமதப் பில்லில் நாட்களும் காரணமும் கட்டாயமாக இருக்கவேண்டும், அது குறித்த காலத்துக்குள் வரவேண்டும். இரண்டாவது, பெட்டியை எடுக்கவே முடியாத நாளுக்குக் கட்டணம் ஓடக்கூடாது. கொரோனா முடக்கத்தின்போது இந்தியக் கப்பல் துறை இயக்ககம் டிடென்ஷன் வாங்கவேண்டாம் என்று கப்பல் நிறுவனங்களுக்குச் சொன்னது. அவசர காலத்தில் சரியென்றால் சாதாரண காலத்திலும் சரிதான். மூன்றாவது, கட்டணம் பற்றிய எந்த விதிக்கும் சூழல் பரிசீலனை செய்யும்போது "இதனால் ஒரு பெட்டி சராசரியாக எத்தனை நாள் கூடவோ குறையவோ நிற்கும்?" என்ற ஒரு கேள்வியையாவது கேட்கவேண்டும். பதில் "பெரிய மாற்றமில்லை" என்று வந்தால் வரட்டும். கேட்டுவிட்டு வரட்டும்.

போன மாதம் அண்ணைக்கு இன்னொரு பில் வந்தது. இந்தமுறை படம் அனுப்பவில்லை, என்னைக் கடைக்கே வரச் சொன்னார். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு பேருமாக ஒரு மின்னஞ்சல் எழுதினோம். பெட்டி தயாரான திகதி என்ன, இலவச நாட்கள் எந்த நாளில் முடிந்தன, கட்டணம் விழுந்த நாட்களில் வாசல் திறந்திருந்ததா. மூன்று கேள்விதான். அனுப்பமுன் அண்ணை ஒருக்கா யோசித்தார். "அனுப்பு, பாப்பம்" என்றார்.

பதில் இன்னும் வரவில்லை. வந்தால் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் கடையிலும் அப்படி ஒரு பில் இருந்தால், கட்டுமுன் அதே மூன்று கேள்வியை நீங்களும் கேட்டுப் பாருங்கள்.